வேலைக்காகத் தனியே சென்னை வந்தவர்களுக்கு: தனிமையைச் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

நெல்லையிலோ தருமபுரியிலோ படிப்பை முடித்து, வேலை கிடைத்து, ஒரு பெட்டியோடு சென்னையில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் மாதம் ஓடுவதே தெரியாது. ரூம் தேடுவது, அட்வான்ஸ் கட்டுவது, ஆபீஸ் வழி பழகுவது என்று நாள் நிறைந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் தனிமை வந்து பிடித்துக்கொள்கிறது. சனிக்கிழமை மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலை வரை யாரிடமும் பத்து வார்த்தை பேசத் தேவையில்லை என்பது அப்போது உறைக்கும்.

பிஜி, மேன்ஷன், ஹாஸ்டல், ஒற்றை அறை வீடு என்று எங்கேயாவது இப்படி இருப்பவர்களுக்காக எழுதுகிறோம். இடங்களின் பெயர்கள் சென்னையைச் சேர்ந்தவை. கோவையிலோ பெங்களூரிலோ இருந்தால் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறது. 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையை உணர்வதாக அதே அறிக்கை கூறுகிறது. அறையைச் சுற்றி ஆயிரம் பேர் இருக்கும் நகரத்தில் இப்படி உணர்வது உங்கள் குணத்தில் உள்ள கோளாறு ஆகாது.

எங்கள் தீர்மானமான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "வெளியே போ, நாலு பேரைப் பார், சரியாகிவிடும்" என்ற அறிவுரையைப் பின்பற்றித்தான் பலர் களைத்துப்போகிறார்கள். புதிது புதிதாக நாலு பேரைப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அதே முகங்களை வாராவாரம் பார்ப்பதுதான் பலன் தருகிறது. கீழே உள்ள மற்ற படிகள் எல்லாம் அதைச் செய்யத் தேவையான தெம்பை உடம்புக்கும் மனதுக்கும் தருவதற்காக.

படி 1: உங்களுடையது எந்தத் தனிமை?

ராபர்ட் வெய்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனதில் இருப்பதைக் கொட்ட ஒருவர்கூட அருகில் இல்லாத தனிமை ஒன்று. சேர்ந்து விளையாட, சாப்பிட, அரட்டை அடிக்க ஒரு வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. நெருங்கிய தோழியைப் பிரிந்து வந்த பெண்ணுக்கு இருபது பேர் இருக்கும் கிரிக்கெட் வாட்ஸ்அப் குழுவால் ஆறுதல் கிடைக்காது. தினமும் அம்மாவிடம் ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசுகிறவருக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்ந்து டீ குடிக்க ஆள் இல்லாத குறை அப்படியேதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் சின்னதாகக் குறிப்பெடுங்கள். காலை, மதியம், மாலை, படுக்கப்போகும் முன் என நான்கு வேளை. ஒவ்வொரு வேளையும் மூன்று விஷயம் போதும்: யாருடன் இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன், தனிமை 0 முதல் 10க்குள் எவ்வளவு. ஒரு வாரத்தில் 28 வரிகள் வரும். படித்துப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் எண் உச்சத்துக்குப் போகும் நேரம் மிகக் குறைவு. ஆபீஸ் முடிந்து ரூமுக்குள் நுழையும் முதல் அரை மணி நேரம், சனிக்கிழமை மதியம், இரவு போனை வைத்தபின் தூக்கம் வராத நேரம் என்று இரண்டு மூன்று புள்ளிகளில்தான் அது குவிந்திருக்கும். வாழ்க்கை முழுவதையும் மாற்ற வேண்டாம், அந்தப் புள்ளிகளைக் கவனித்தால் போதும்.

கூடவே மூன்று கேள்விகள். ஆய்வாளர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் சுருக்கமான அளவுகோல் இது. துணை இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒவ்வொன்றுக்கும் 'அரிதாக' என்றால் 1, 'சில நேரம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3. கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் என்றால் தனிமை கவனிக்க வேண்டிய அளவில் இருக்கிறது. இன்றைய எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்க்க அது வேண்டும்.

படி 2: முதல் இரண்டு வாரம் உடம்புக்கு

தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கும்போது புது ஆட்களிடம் பேசப் போனால் பேச்சு ஓடாது. "எனக்கு இதெல்லாம் வராது" என்ற முடிவோடு திரும்பி வருவீர்கள். அதனால் முதல் பதினான்கு நாள் வேறு எதையும் தொடாதீர்கள்.

எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். படுக்கும் நேரம் முன்னே பின்னே ஆகலாம், எழும் நேரம் சனி, ஞாயிறிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை மணி நேர வித்தியாசம் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்தால் அன்று இரவு ஒரு மணிக்குத்தான் தூக்கம் வரும், திங்கட்கிழமை அதனாலேயே கசக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது நிமிடம் வெயில் வெளிச்சத்தில் நடங்கள். மொட்டை மாடியும் போதும். உடம்பின் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் இரவுத் தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது.

குடித்த காபியில் இருக்கும் காஃபீனில் பாதி கழிய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணி ஸ்ட்ராங் காபி பதினொரு மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அளவைக் குறையுங்கள். சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்த வேண்டாம், அங்கே நாலு வார்த்தை பேசுவது உங்களுக்குத் தேவை. சுக்குக் காபியோ பாலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நடக்கும் பெரிய தவறு பார்சல். ஆப்பில் ஆர்டர் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும்போது நாளில் மனித முகம் பார்க்கக் கிடைக்கும் ஒரு வாய்ப்பும் போய்விடுகிறது. வாரத்தில் ஐந்து வேளையாவது மெஸ்ஸிலோ ஹோட்டலிலோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதே கடை, ஏறக்குறைய அதே நேரம். மூன்றாவது வாரத்தில் பரிமாறுகிறவர் கேட்காமலே உங்களுக்கு ரசம் கொண்டுவருவார். அது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் 'இந்த ஊரில் என்னைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்' என்ற உணர்வு அங்கேதான் தொடங்குகிறது.

மது பற்றி ஒரு வார்த்தை. தனியாக ரூமில் குடித்தால் தூக்கம் சீக்கிரம் வருவது உண்மை. ஆனால் பின்னிரவுத் தூக்கம் உடைந்துபோகும், மறுநாள் படபடப்பும் சோர்வும் கூடும். தனிமைக்காகக் குடிப்பது பழக்கமாவதற்கு மிகக் குறுகிய காலம் போதும். தனியாக இருக்கும்போது குடிப்பதில்லை என்ற ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கியும் சாப்பிட்டும் உடம்பு இழுத்துக்கொண்டே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் சோர்வையும் மனத்தளர்ச்சியையும் தரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களிடம் பி12 குறைவது சாதாரணம். மாத்திரையில் சரியாகும் ஒன்றை மனக்குறை என்று நினைத்து மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 3: போனை உறவுக்குப் பயன்படுத்துவது

போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒருவருக்கு நேராகச் செய்தி அனுப்புவதும் பேசுவதும் தனிமையைக் குறைக்கும். யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோவையும் கோவாப் பயணத்தையும் மணிக்கணக்கில் தள்ளித் தள்ளிப் பார்ப்பது பலருக்கு அதைக் கூட்டும். போன் அமைப்புகளில் ஒவ்வொரு ஆப்பிலும் செலவான நேரம் தெரியும். ரீல்ஸுக்குப் போகும் நேரத்தில் பாதியை வெட்டுங்கள், வெட்டியதில் பதினைந்து நிமிடத்தை ஒரு குரலுக்குக் கொடுங்கள். சார்ஜரைக் கட்டிலிலிருந்து கை எட்டாத பிளக்கில் போடுவது மற்ற எல்லா உறுதிமொழிகளையும்விட நன்றாக வேலை செய்கிறது.

வீட்டுக்குப் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு. "சாப்டியா?" "சாப்ட்டேன்மா." "என்ன சாப்ட்ட?" "தோசை." "வேற?" "வேற ஒண்ணுமில்ல." நாற்பது விநாடியில் முடிந்துவிடும், வைத்தபின் முன்பைவிட வெறுமையாக இருக்கும். அன்பு குறைந்து இப்படி ஆவதில்லை, பேச விஷயம் இல்லாமல் ஆகிறது. இதற்கு இரண்டு வழி. பகலில் ஒரு படம் அனுப்புங்கள்: ஆபீஸ் ஜன்னல், பக்கத்துத் தெரு நாய், வாங்கிய சட்டை. இரவு பேச அதுவே விஷயம் ஆகும். இரண்டாவது, வாரம் ஒருமுறை எதையாவது செய்துகொண்டே பேசுங்கள். கெட்டிலில் முட்டை வேகவைத்தாலும் சரி, வீடியோ காலில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே தக்காளித் தொக்கு வதக்கினாலும் சரி, கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

பழைய நண்பர்களுக்கு எழுதத் தயக்கம் வரும். "ஆறு மாசம் பேசல, இப்ப என்னன்னு ஆரம்பிக்கிறது?" என்று தோன்றும். இப்படி எதிர்பாராமல் வரும் ஒரு விசாரிப்பை எதிரில் இருப்பவர் எவ்வளவு விரும்புவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று 2022இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று காட்டியது. "ஹாய்", "எப்படி இருக்கே" என்று மட்டும் அனுப்பினால் பதில் "நல்லாருக்கேன்" என்பதோடு செத்துவிடும். ஒரு நினைவு, ஒரு கேள்வி, ஒரு நேரம் மூன்றும் இருக்கட்டும்:

"டேய், இங்க டீக்கடையில நம்ம காலேஜ் கேண்டீன் மாதிரியே வாழைக்காய் பஜ்ஜி. உன் ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?"

வாரம் ஒருவருக்கு இப்படி அனுப்புங்கள். நான்கு பேருக்கு அனுப்பி இருவர் பேசினாலே அது நல்ல பலன்.

படி 4: ஒரே இடம், ஒரே நேரம், அதே முகங்கள்

மூன்றாவது வாரத்தில் தொடங்க வேண்டியது இதுதான். அதிக நேரம் கொடுக்க வேண்டியதும் இதற்குத்தான்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிவந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக உதவவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு வருடம் உட்கார்ந்தும் ஆபீஸ் தோழர் அந்நியராகவே இருப்பது ஏன் என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

கணக்கை உங்கள் வாரத்தில் போட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் சேர 25 வாரம். வாரம் இருமுறை என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறு வேறு நிகழ்ச்சிக்குப் போகிறவர் ஒரு வருடம் ஓடினாலும் யாருடனும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டமாட்டார். இடத்தை மாற்றாமல் இருப்பதுதான் இங்கே திறமை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைப் பாருங்கள். ரூமிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச்சேர முடிய வேண்டும். அதற்கு மேல் தூரம் என்றால் மழை பெய்த முதல் வாரமே விட்டுவிடுவீர்கள். வாரந்தோறும் நடக்க வேண்டும். பத்து முதல் இருபது பேர் இருப்பது நல்லது. கைக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும், ஏனென்றால் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து பேசு என்றால் கூச்சமுள்ளவருக்கு நாக்கு எழாது. செலவு உங்களுக்கு உறுத்தாத அளவில் இருக்க வேண்டும்.

இதற்குப் பொருந்துபவை நிறைய உண்டு. காலை ஆறு மணி பேட்மிண்டன் கோர்ட்டில் நிரந்தர ஸ்லாட், சிலம்பம் அல்லது பறை வகுப்பு, பேட்டைக்குப் பேட்டை கிளை வைத்திருக்கும் சென்னை ரன்னர்ஸ் போன்ற ஓட்டக் குழுக்கள், கடற்கரை துப்புரவுக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழு. சிவன் கோயில்களில் ஞாயிறுதோறும் உழவாரப் பணி செய்யும் அடியார் குழுக்கள் இருக்கின்றன. பிரகாரத்தில் முளைத்த புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, கடைசியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவார்கள். பக்தி உள்ளவருக்கு இதைவிட இயல்பான வாசல் கிடையாது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டவும் தேர்வு எழுதித் தரவும் எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. கல்லூரிகளில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பிறருக்குப் பயன்படுகிறோம் என்ற நினைப்பு, ஒதுக்கப்பட்டவர் என்ற உணர்வை நேராகக் கரைக்கிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்றால் இன்னொன்றும் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் இரவு முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. 1988 முதல் நடக்கும் பணி. வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போவதோடு நிற்காமல் தன்னார்வலராகச் சேர்ந்தால் ஒரு பருவத்துக்கு நண்பர்கள் நிச்சயம். ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடக்கும் இரவில் பேசாமல் இருக்க யாராலும் முடியாது.

நூலகம் ஒரு நல்ல புகலிடம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உங்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. ரூமில் சுவரைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பேசக் கூடாத இடம் என்பதால் இந்த 50 மணி நேரக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். ஜிம்மில் காதில் ஹெட்போனோடு இருப்பதும் அப்படித்தான்.

முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். எல்லோரும் வந்து வட்டம் கூடியபின் நுழைவது கடினம், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சேர்ந்துகொள்வது எளிது. "நான் புதுசு, எங்க ஆரம்பிக்கணும்?" என்று ஒரு உதவி கேளுங்கள். அன்று மூன்று பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, வெளியே வந்ததும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். முடிந்ததும் உடனே கிளம்பாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். நட்பு பெரும்பாலும் செருப்பு மாட்டும் நேரத்திலும் வண்டியை எடுக்கும் நேரத்திலும்தான் முளைக்கிறது.

குழுவுக்குப் போகத் தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில் 'இது நமக்கு ஒத்துவராது' என்று கட்டாயம் தோன்றும். அவர்கள் பழைய கதைகளைப் பேசிச் சிரிப்பார்கள், உங்களுக்குப் புரியாது. எல்லாப் புது ஆட்களும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். ஆறு முறை போய்விட்டுத்தான் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரம் வாக்கில் அந்த இடத்துக்கு வெளியே ஒரு அடி வைக்க வேண்டும். இதைச் செய்யாததால் வருடக்கணக்கில் 'கோர்ட் நண்பர்'களாகவே நின்றுவிடுகிறவர்கள் பலர். "ஒரு நாள் மீட் பண்ணலாம்" என்றால் அந்த ஒரு நாள் வராது. "ஆட்டம் முடிஞ்சதும் எதிர்ல டீ சாப்பிடப் போறேன், வர்றீங்களா ப்ரோ?" என்று இடமும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் எப்படியும் போகிற இடத்துக்குக் கூப்பிடுவதால் அவர் வரவில்லை என்றாலும் சங்கடம் இல்லை. இருமுறை மறுத்தால் அவரை விட்டுவிட்டு வேறொருவரைக் கேளுங்கள். மூன்றாவது முறை அவராகவே வருவதும் உண்டு.

பெண்களுக்கு இரண்டு கூடுதல் விஷயம். பல ஹாஸ்டல்களில் இரவுக் கதவு சீக்கிரம் பூட்டப்படும், அதனால் காலை நேரக் குழுக்களைத் தேடுங்கள். முதல்முறை போகும் முன் குழுவை நடத்துகிறவர்களில் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, போகும் இடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டு, லொகேஷனைப் பகிர்ந்துவிட்டுப் போங்கள். ஹாஸ்டலுக்குள்ளேயே தொடங்குவதும் நல்ல வழி: புதன்கிழமை இரவு எட்டரைக்கு மொட்டை மாடியில் ஆளுக்கொரு நொறுக்குத் தீனியோடு கூடுவது என்று இருவர் சேர்ந்து தொடங்கினாலே ஒரு மாதத்தில் எட்டுப் பேர் ஆகிவிடும்.

படி 5: மனம் தவறாகப் படிக்கும் இடங்கள்

தனிமை நீடித்தால் மூளை காவல்காரனைப் போல் ஆகிவிடுகிறது: யார் நம்மை ஒதுக்குகிறார்கள் என்பதையே தேடிக்கொண்டிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் கசியோப்போ சொன்னது இதுதான். அவரும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வில், ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துவது, பேசும் திறனைப் பயிற்றுவிப்பது, ஆதரவு கொடுப்பது ஆகிய முறைகளைவிட, மனிதர்களைப் பற்றிய தவறான நினைப்பைத் திருத்தும் பயிற்சியே அதிகப் பலன் தந்தது.

உதாரணமாக, மதியம் ஒன்றரை மணி. டீமில் நான்கு பேர் எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள், உங்களைக் கூப்பிடவில்லை. மனம் உடனே சொல்லும்: "என்னைப் பிடிக்கல, வேணும்னேதான் விட்டுட்டுப் போறாங்க." மறுநாள் நீங்கள் முறுக்கிக்கொண்டு காதில் இயர்போன் மாட்டிக்கொள்கிறீர்கள். அவர்கள் "இவன் தனியா இருக்கத்தான் விரும்புறான் போல" என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரு வாரத்தில் இல்லாத விலகல் உண்மையாகவே உண்டாகிவிடுகிறது.

ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். நடந்தது என்ன, கேமரா பிடித்தால் தெரிவது மட்டும்: "நான்கு பேர் எழுந்து போனார்கள்." மனம் சொன்னது: "என்னைப் பிடிக்கவில்லை." வேறு இரண்டு காரணங்கள்: "நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பா கொண்டுவருபவன் என்று நினைத்திருக்கலாம்." நாளை செய்யப்போவது: "ஒன்றேகாலுக்கே 'இன்னைக்கு நானும் வர்றேன்' என்று சொல்வது." கடைசி வரி இல்லாமல் முதல் மூன்றை மட்டும் எழுதினால் அது புலம்பலில் முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து பதில் வராத நேரத்துக்கும் இதே நான்கு வரிதான். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: புதிதாக ஒருவரிடம் பேசி முடித்தபின், அவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 'சொதப்பிவிட்டோம்' என்ற நினைப்போடு நீங்கள் வீடு திரும்பும் அதே நேரத்தில் அவரும் அப்படியே நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

படி 6: சனி, ஞாயிறுக்குத் திட்டம்

மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. செய்யத் தொடங்கியபின்தான் மனம் பின்னால் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் செயலைத் திட்டமிட்டுக் கொடுப்பது ஒரு முறையாகவே இருப்பது இதனால்தான். வெள்ளிக்கிழமை இரவே எழுதிவிடுங்கள். இரண்டு நாளிலும் மூன்று வகை இருக்கட்டும்: செய்து முடித்தோம் என்ற நிறைவு தருவது ஒன்று, மகிழ்ச்சி தருவது ஒன்று, மனிதர்களோடு இருப்பது ஒன்று. சனிக்கிழமை காலை துணி துவைத்து ரூமைக் கூட்டுவது, ஞாயிறு காலை குழு, அங்கேயே டிபன், சாயங்காலம் பழைய நண்பருடன் பேச்சு என்றால் போதும். மணிக்கு மணி நிரப்பாதீர்கள். குறிப்பில் எண் உச்சத்துக்குப் போன நேரம் எதுவோ, அந்த நேரத்தில் மட்டும் ரூமுக்கு வெளியே இருப்பதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். கிளம்பவே பிடிக்காத நாளில் சட்டையை மாற்றிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, அங்கே நின்று முடிவெடுங்கள். அதற்குமேல் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

எங்கே சறுக்கும்?

தனியாக இருப்பவர்களைத் தேடி வருகிறவர்களும் உண்டு. பழகிய பத்தாம் நாளே "ஒரு பிசினஸ் வாய்ப்பு, சும்மா மீட்டிங்குக்கு வாங்க" என்று சொல்லும் ஆள் உங்களை நண்பராகப் பார்க்கவில்லை, தனக்குக் கீழே சேர்க்க ஓர் ஆளாகப் பார்க்கிறார். ஆப்பில் அறிமுகமாகி, நேரில் வராமல், அன்பாகப் பேசி, பிறகு பணமோ முதலீடோ கேட்கும் ஆளும் அப்படித்தான். நேரில் பார்க்காதவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

இன்னொரு சறுக்கல், கிடைத்த முதல் நண்பர்மேல் முழு பாரத்தையும் இறக்குவது. தினமும் இரவு இரண்டு மணி நேரம் ஒருவரிடமே அழுதால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒதுங்கத் தொடங்குவார். மனக்கஷ்டத்தைச் சொல்லுங்கள், அவருடையதையும் கேளுங்கள், சேர்ந்து சிரிக்கவும் ஏதாவது செய்யுங்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருப்பது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமோ பசியோ வெகுவாக மாறுவது, தன்னை உதவாக்கரை என்று நினைப்பது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது தனிமையைத் தாண்டி மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது மேலே சொன்ன படிகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள்.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். முதல்முறை என்ன சொல்வது என்று திகைத்தால் இந்த ஒரு வாக்கியம் போதும்: "நான் தனியா இருக்கேன், ரெண்டு வாரமா மனசு சரியில்ல, யார்கிட்டயாவது பேசணும்." மற்றதை அவர்களே கேட்பார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், தீர்ப்புச் சொல்லாமல் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்திப் பயன்படுத்தியே பலரை அங்கே போகவிடாமல் செய்துவிட்டார்கள். அங்கே வெளிநோயாளியாகப் போய், டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பணியாளர்களுக்கு இலவசக் கவுன்சிலிங் உண்டு. பேசுவது மேலாளருக்குத் தெரியுமா என்று எச்ஆரிடம் பொதுவாகக் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு பயன்படுத்துங்கள்.

எட்டாவது வாரமும், ஊருக்குப் போய்த் திரும்பும் நாளும்

எட்டு வாரம் முடிந்ததும் அந்த மூன்று கேள்விகளை மறுபடி போடுங்கள். ஒரு எண் இறங்கியிருந்தாலும் முறை வேலை செய்கிறது, மாற்றாமல் தொடருங்கள். அப்படியே இருந்தால் குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: வாரம் ஒருமுறைக்கு மேல் போகவில்லை, அல்லது போனாலும் முடிந்ததும் யாருடனும் நிற்காமல் கிளம்பிவிடுகிறீர்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போய்த் திரும்பியபின் எண் மறுபடி ஏறும். நாலு நாள் வீடு நிறைய ஆட்களோடு இருந்துவிட்டு, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, பூட்டிக் கிடந்த ரூமைத் திறக்கும்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டதாகத் தோன்றும். ஆகவில்லை, ஓரிரு நாளில் இறங்கிவிடும். இதற்கு ஊருக்குக் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். ரூமைக் கூட்டி, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுப் போங்கள். திரும்பிய அன்று சாயங்காலமே குழுவில் ஒருவரைச் சந்திப்பதாகச் சொல்லி வையுங்கள். அம்மா கட்டிக் கொடுக்கும் முறுக்கு, அதிரசத்தில் பாதியைத் தனி டப்பாவில் போட்டு, கோர்ட்டுக்கோ ஆபீஸுக்கோ மெஸ்ஸுக்கோ எடுத்துப் போங்கள்.